நாற்பத்தேழாம் கோடு

1994 ஆகஸ்ட் பதினேழாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, ரஹமத்துல்லா வீட்டின் பின்னால் நின்ற சில்வர் ஓக் மரத்துக்கு எண் கொடுத்தார்கள். 212. மஞ்சள் பெயின்ட்.

ரஹமத்துல்லா எண் கேட்கவில்லை. வெட்ட அனுமதி கேட்டிருந்தார்.

அவர் ஆரஞ்சுப் பழம் அனுப்பும் மரப்பெட்டி அடிப்பவர். ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு போகும் சாலையில் வீடு, வீட்டை ஒட்டிப் பட்டறை. வயது ஐம்பத்தாறு. அதில் நாற்பது வருடம் மரம் அறுப்பதில் போயிருந்தது. மரத்தைத் தட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தன் வீட்டு மரத்தையும் தட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. வெளியே அறுபதடி உயரம், நல்ல பட்டை, அதன்மேல் செழித்த மிளகுக்கொடி. உள்ளே கூடு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் சாய்ந்து, இப்போது வீட்டின் ஓட்டுக்கு நேர் மேலே நின்றது. ஓட்டுக்குக் கீழே சமையலறை. அதை ஒட்டி அவரும் மனைவி சுபைதாவும் படுக்கும் அறை.

மலையில் மரம் வெட்ட மனுப் போட வேண்டும். போட்டார். மனு மூன்று மேசைகளைக் கடந்தது. நான்காவது மேசைக்கு அந்த வருடம் ஒரு புது விதி வந்திருந்தது. வெட்டப்போகும் மரம் நல்ல பரம்பரையில் பிறந்ததா என்று பார்த்த பிறகே வெட்ட வேண்டும். பார்ப்பதற்கென்று ஏற்காட்டில் ஒரு நிலையமும் திறந்திருந்தார்கள். மர மரபணு மேம்பாட்டு நிலையம்.

நிலையத்தின் தத்துவம் எளியது. மரத்தின் தரத்தை அறிய மரத்தை வெட்ட வேண்டாம். இலை போதும். இலையை அரைத்து, சாற்றை ஜெல் என்ற கூழில் விட்டு, மின்சாரம் பாய்ச்சினால் கோடுகள் தெரியும். கோடுகளை வைத்து மரம் வழவழப்பா, முறுக்குமா, வெடிக்குமா என்று சொல்லிவிடலாம். எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. எண்ணுவது மட்டும் தொடங்கியிருந்தது.

இலை பறிக்க வந்தவர் களப்பணியாளர் அங்கப்பன். விதிப்படி இலையை மரத்தின் உச்சியில் பறிக்க வேண்டும். அதற்காக நிலையம் நாற்பதடி இரும்பு ஏணி ஒன்று வாங்கியிருந்தது. ஏணி லாரியில் அடிவாரம் வரை வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பாது என்று டிரைவர் சொல்லிவிட்டார். அன்று முதல் அடிவாரத்தில் ஒரு பஞ்சர் கடைச் சுவரில் சாய்ந்து நின்றது. மாதம் ஒரு முறை நிலையத்திலிருந்து ஒருவர் பஸ்ஸில் இறங்கிப்போய், ஏணி இருக்கிறது என்று எழுதிவிட்டு வந்தார்.

மற்ற இருநூற்றுப் பதினொரு மரங்களும் எஸ்டேட்டுகளில் இருந்தன. அங்கே மிளகு பறிக்கும் ஆட்கள் ஏறி உச்சி இலையைப் பறித்துக் கொடுத்தார்கள். ரஹமத்துல்லா வீட்டில் ஏற ஆளில்லை. அங்கப்பன் அண்ணாந்து பார்த்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார். பஸ் பதினொன்றே காலுக்கு. கை எட்டும் உயரத்தில் இலை இருந்தது. பறித்து, அங்கேயே கசக்கி, உறையில் போட்டு, 212 என்று எழுதிக்கொண்டு போனார்.

சுபைதா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தார். அரசாங்கத்து ஆள் எந்த இலையைப் பறிக்கிறார் என்று கேட்பது தன் வேலையில்லை என்று அப்போது நினைத்தார்.

ரஹமத்துல்லாவிடம் ஒரு படிவமும் கொடுத்திருந்தார்கள். மரத்தின் தரம் பற்றி உரிமையாளர் கருத்து. மூன்று கட்டங்கள் இருந்தன. நன்று, மிக நன்று, தலைசிறந்தது. கூடு என்பதற்குக் கட்டம் இல்லை. அவர் எதையும் தொடாமல் திருப்பிக் கொடுத்தார். நிலையம் அதை, உரிமையாளர் குறை எதுவும் கூறவில்லை என்று பதிவு செய்தது.

அக்டோபரில் முடிவு வந்தது. ஆய்வுக்கூடத்தில் இருந்த டாக்டர் ஜெயகுமாரி கூழின் படத்தை விளக்கின்மேல் வைத்துப் பார்த்தார். நாற்பத்தேழாவது இடத்தில் ஒரு கோடு. மற்ற இருநூற்றுப் பதினொரு மரங்களில் எதிலும் அது இல்லை. மற்ற மரங்களில் இருந்த எந்தக் கோடும் இதில் இல்லை. அவர் இரண்டு நாள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் இயக்குநரிடம் காட்டினார். இயக்குநர் அன்றே பந்தலுக்குச் சொல்லிவிட்டார்.

விழா ரஹமத்துல்லா வீட்டுக் கொல்லையில் நடந்தது. சேலத்திலிருந்து வேனில் விருந்தினர்கள் வந்தார்கள். மரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்று சுற்றளவுக்குப் பற்றவில்லை. இரண்டை முடிச்சுப் போட்டார்கள். பிறகு இயக்குநர் பேசினார்.

"இருநூற்றுப் பதினொரு மரங்களில் இல்லாத ஒன்று இந்த மரத்தில் இருக்கிறது. அது என்ன என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கே தெரியாத ஒன்று சாதாரணமானதாக இருக்க முடியாது. மரத்தை வெட்டிப் பார்த்து மரம் எப்படி என்று சொல்ல ஓர் ஆசாரி போதும். வெட்டாமல், பார்க்காமல், தொடாமல் சொல்வதற்குத்தான் ஒரு நிலையம் தேவைப்படுகிறது. இந்த நாட்டின் கதவுகள், கட்டில்கள், நாற்காலிகள் யாவும் இனி இந்த மரத்தின் வாரிசுகளாக இருக்கும்."

கைதட்டினார்கள். ரஹமத்துல்லாவை மேடைக்கு அழைத்து, மரத்தின் காப்பாளர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். மரத்தை எப்போது வெட்டலாம் என்று அவர் மெதுவாகக் கேட்டார். ஒலிபெருக்கி அதைப் பிடித்துவிட்டது. விருந்தினர்கள் சிரித்தார்கள். நகைச்சுவை உணர்வுள்ளவர் என்று இயக்குநர் அறிமுகப்படுத்தினார்.

மறுநாள் மரத்தைச் சுற்றி இருபதடி ஆரத்தில் முள்கம்பி வேலி போட்டார்கள். சமையலறை வேலிக்குள் போனது. படுக்கும் அறையில் பாதி போனது. வேலிக் கதவில் ஒரு காவலாளியும் ஒரு பதிவேடும். உள்ளே போகிறவர் பெயர், நேரம், நோக்கம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சுபைதா காலை ஆறரைக்கு, நோக்கம் டீ என்று எழுதினார். ஏழுக்கு, இட்லி. பதினொன்றுக்கு, குழம்பு. மூன்றாம் நாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் படித்துவிட்டு, புகை மரபணுவைப் பாதிக்கும் என்று அடுப்பு எரிக்கத் தடை விதித்தார். சுபைதா பட்டறையில் மரத்தூளுக்கு நடுவே ஸ்டவ் வைத்துச் சமைத்தார். சோற்றில் சில்வர் ஓக் வாசனை வந்தது.

நவம்பர் மழையில் மேல் கிளை ஒன்று ஒடிந்து சமையலறை ஓட்டைப் பிளந்துகொண்டு விழுந்தது. அடுப்பு இருந்த இடத்தில் கிடந்தது. நிலையத்திலிருந்து ஐந்து பேர் ஜீப்பில் வந்தார்கள். கிளையை அளந்தார்கள். எடை போட்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். உடைந்த ஓடுகளை, மாதிரியைச் சேர்ந்தவை அல்ல என்று எழுதி விட்டுவிட்டார்கள்.

ரஹமத்துல்லா நிலையத்துக்குப் போனார். இயக்குநர் அறையில் உட்காரச் சொல்லவில்லை.

"உள்ள கூடுங்க. தட்டிப் பாத்தேன். அடுத்த காத்துக்கு நிக்காதுங்க."

"எதால் தட்டினீர்கள்?"

"விரல்லதாங்க."

இயக்குநர் பக்கத்தில் நின்ற ஜெயகுமாரியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே ஆய்வுக்கூடத்தைக் காட்டினார். "அந்த இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது, மனுதாரரே. உங்கள் விரல் எங்கிருந்து வந்தது?"

ரஹமத்துல்லா விரலைப் பார்த்துக்கொண்டார். "மரம் எங்க படுக்கற ரூமு மேல நிக்குதுங்க. இன்னைக்கு ராத்திரி நாங்க எங்க படுக்கறதுங்க?"

"அது எங்கள் ஆராய்ச்சி எல்லைக்குள் வராது."

அன்று முதல் இருவரும் பட்டறையில், அடித்து வைத்த பெட்டிகளுக்கு நடுவே படுத்தார்கள். ரஹமத்துல்லா காற்றைக் கவனித்தபடி கிடப்பார். பகலில் பெட்டி அடிக்கும்போது ஆணி கோணலாகப் போனது. நாற்பது வருடத்தில் அவருக்கு ஆணி கோணியதில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுபைதா அந்த இலை விஷயத்தைச் சொன்னார். அங்கப்பன் பறித்தது மரத்தின் இலை அல்ல. மரத்தில் ஏறிய மிளகுக்கொடியின் இலை.

"ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"பெரிய படிப்புப் படிச்சவிங்க, மொளகு எல தெரியாமயா போயிரும்னு இருந்துட்டனுங்க."

ரஹமத்துல்லா கை கழுவிவிட்டு நேரே நிலையத்துக்குப் போனார். யார் பறித்தார்கள் என்று சொல்லவில்லை. அது மிளகு இலை என்று மட்டும் சொன்னார். இயக்குநர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார்.

"மிளகுக்கொடி மரமா? இல்லை. இந்த நிலையம் மரங்களை மட்டும் ஆராய்கிறது. கொடிகளை ஆராய எங்களுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாத ஒன்றை நாங்கள் ஆராய்ந்திருக்க முடியாது. ஆகவே எங்களிடம் வந்தது மரத்தின் இலை."

ஜெயகுமாரி வாயைத் திறந்தார். இயக்குநர் திரும்பிப் பார்த்ததும் கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டார்.

ஆனாலும் மனுதாரர் ஒரு நல்ல செய்தியைக் கொண்டுவந்ததாக இயக்குநர் நன்றி சொன்னார். உயர்ந்த மரத்தைக் கொடி ஒன்று பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது. மறுநாளே ஆட்கள் வந்து கொடியை அறுத்து, வேரோடு பிடுங்கி, சாலையோரம் குவித்தார்கள். அந்த வருடத்து மிளகும் அதோடு போனது. சுபைதா குவியலிலிருந்து நான்கு தண்டுகளை எடுத்து, வீட்டு முன்னால் இருந்த கல்யாண முருங்கையின் அடியில் நட்டு வைத்தார்.

ஜூனில் ஆண்டறிக்கைக்காக இரண்டாம் முறை இலை எடுத்தார்கள். இந்த முறை ஜெயகுமாரி தானே வந்தார். எஸ்டேட்டிலிருந்து ஒல்லியான ஓர் ஆளைக் கூட்டிவந்து கவனமாக ஏறச் சொன்னார். உச்சி இலையைத் தன் கையால் வாங்கினார். ஒரு வாரத்தில் முடிவு தெரிந்தது. நாற்பத்தேழாம் கோடு இல்லை. மற்ற மரங்களில் இருந்த கோடுகள் எல்லாம் இருந்தன.

முதல் மாதிரி மாறியிருக்கலாம் என்று ஜெயகுமாரி எழுதிக் கொடுத்தார். இயக்குநர் அதன் ஓரத்தில் பச்சை மையில் எழுதினார். மாதிரி மாறாது. மரம் மாறியிருக்கும்.

ரஹமத்துல்லாவுக்கு நோட்டீஸ் வந்தது. நிலையத்தின் பாதுகாப்பில் இருந்த அரிய மரத்தை அகற்றி, அதே இடத்தில், அதே உயரத்தில், அதே எண்ணுடன், தரமற்ற வேறொரு மரத்தை வைத்ததற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது. பதினைந்து நாளில் அசல் மரத்தை ஒப்படைக்க வேண்டும்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். கொல்லைக்குப் போய் மரத்தைப் பார்த்தார். மரம் இன்னும் ஒரு சாண் சாய்ந்திருந்தது.

விசாரணை நிலையத்துக் கூட்ட அறையில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இயக்குநர்.

"அசல் மரத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"அங்கதாங்க நிக்குது."

"அதில் நாற்பத்தேழு இல்லை."

"அப்பொ அது நீங்க சொன்ன மரமில்லீங்களா?"

"இல்லை. அது மட்டமான மரம்."

"அப்படின்னா வெட்டிக்கட்டுங்களா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அசல் கிடைக்கும் வரை போலியை வெட்ட முடியாது. அது சாட்சிப் பொருள். ஓரத்தில் இருந்தவர் எழுந்து, அறுபதடி மரத்தை வேலியும் காவலாளியும் இருக்கும்போது ஒரு மனிதர் எப்படி மாற்றியிருப்பார் என்று கேட்டார். அதைத்தான் மனுதாரர் விளக்க வேண்டும் என்றார் இயக்குநர். ரஹமத்துல்லா விளக்கவில்லை. ஒத்துழைக்கவில்லை என்று பதிவு செய்தார்கள்.

அசலைத் தேட உத்தரவானது. மலையில் உள்ள சில்வர் ஓக் மரங்கள் எல்லாவற்றிலும் இலை எடுத்து ஆராய வேண்டும். ஆள் ஒருவர்தான், அங்கப்பன். ஆகஸ்ட் வெயிலில் பையோடு சாலை சாலையாக நடந்தார். ரஹமத்துல்லா பட்டறைக்கு மரம் எடுக்கப் போயிருந்த ஒரு நாள், சுபைதா அவரைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். கல்யாண முருங்கையில் மிளகுத் தண்டுகள் பிடித்து, இடுப்பளவு ஏறியிருந்தன.

"அண்ணா, போன வருசம் நீங்க எந்த எலையப் பறிச்சீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க."

அங்கப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். "புள்ளகுட்டிக்காரனுங்கம்மா. முட்டி வேற நொம்ப மோசம்."

"அதுக்குத்தான் சொல்றனுங்க. உச்சிக்கெல்லாம் ஏற வேண்டாம். இந்தாங்க, இதே எலையில ரெண்டு பறிச்சுக்கங்க. ஒரு மரத்து உறையில போட்டா அசல் கெடச்சிரும். எல்லாருக்கும் நிம்மதி."

"எந்த மரத்து உறையில?"

சுபைதா அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

மாலையில் ரஹமத்துல்லாவிடம் சொன்னார். அவர் பொய் பேசாதவர். வெகு நேரம் ரம்பத்துக்குக் கூர் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைக் கேட்டா உள்ளதச் சொல்லிருவேன்," என்றார்.

"உங்களை யாரு கேக்கறாங்க? ஒரு வருசமாச் சொல்லிட்டுத்தான இருக்கீங்க."

செப்டம்பரில் நாற்பத்தேழாம் கோடு கிடைத்தது. இயக்குநரின் அரசுக் குடியிருப்பு வளாகத்தில், அவருடைய படுக்கையறைச் சுவரை ஒட்டி நின்ற சில்வர் ஓக் மரத்தில். ஜெயகுமாரி படத்தை நீட்டினார். இந்த முறை கருத்து எதுவும் எழுதவில்லை. முகத்தில் ஒரு மாதிரியான அமைதி இருந்தது.

அந்த மரம் வெள்ளைக்காரன் காலத்தில் நட்டது. ஒரு வருடத்துக்குள் அங்கே எப்படி வந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. இயக்குநர் அறிக்கையில் எழுதினார். விசாரணையின் கடுமையைக் கண்டு அஞ்சிய மனுதாரர், மனம் திருந்தி, அசல் மரத்தை நிலையத் தலைமையின் இல்லத்திலேயே நேரில் திருப்பி வைத்துவிட்டார். மேல் நடவடிக்கை தேவையில்லை.

மறுபடியும் பந்தல், இரண்டு பொன்னாடை. "திறமை எங்கே மதிக்கப்படுகிறதோ அங்கே தானாக வந்து சேரும் என்பதற்கு இந்த மரம் உதாரணம்" என்று இயக்குநர் பேசினார். பிறகு விதிப்படி வேலி வந்தது. ரஹமத்துல்லா வீட்டில் பிடுங்கிய அதே கம்பி, அதே காவலாளி, அதே பதிவேடு. பக்கம் தீராததால் தொடர்ந்து எழுதினார்கள். கடைசியாகச் சுபைதா எழுதிய வரிக்குக் கீழே இயக்குநரின் மனைவி தனலட்சுமி எழுதினார். நேரம் ஆறு பத்து, நோக்கம் காபி. மூன்றாம் நாள் அவர்கள் அடுப்பும் அணைந்தது. தடையை நீக்க இயக்குநருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் கோப்பு முதலில் தலைமையகத்துக்குப் போய் வர வேண்டும். அந்த விதியையும் அவர்தான் போட்டிருந்தார்.

அக்டோபர் இரண்டாம் வாரம், போலி மரத்தை வெட்ட ரஹமத்துல்லாவுக்கு அனுமதி வந்தது. கயிறு கட்டி, சாலைப் பக்கம் இழுத்து, ஒரு முழுப் பகல் அறுத்தார்கள். பாதி ரம்பம் போனதும் தானாக வந்துவிட்டது. அடியில் ஓர் ஆள் உட்கார்ந்து பீடி குடிக்கும் அளவுக்குக் கூடு. கறையானும் பொடியும். நல்ல கட்டை ஏழு பெட்டிக்குத்தான் தேறியது. ரஹமத்துல்லா ஓடு மாற்றினார். சுபைதா சமையலறையில் அடுப்பு மூட்டினார். ஜன்னலில் முதல் முறையாக வானம் தெரிந்தது. ஆணி நேராகப் போகத் தொடங்கியது.

நவம்பர் முதல் வாரம் மழை பிடித்தது. ஒரு சாயங்காலம் பட்டறை வாசலில் குடையோடு ஒருவர் வந்து நின்றார். இயக்குநர். ஜீப் இல்லை. நடந்து வந்திருந்தார். பேன்ட் முழங்கால் வரை சேறு.

ரஹமத்துல்லா எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இயக்குநர் உட்காரவில்லை. அறுத்து வைத்திருந்த பலகைகளைப் பார்த்தார். கொல்லைப் பக்கம் போய், விளிம்பு மட்டும் மிஞ்சிய அடிக்கட்டையைக் குனிந்து பார்த்தார். உள்ளே மழைத் தண்ணீர் நின்றது. குடைக் கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். கம்பி கைப்பிடி வரை இறங்கியது.

"கொஞ்சம் வர முடியுமா, பாய்?" என்றார்.

அதுவரை அவர் ரஹமத்துல்லாவை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள். குடியிருப்பு வாசலில் காவலாளி பதிவேட்டை நீட்டினான். இயக்குநர் கையெழுத்துப் போட்டார். நோக்கம் என்ற இடத்தில் பேனாவைச் சற்று நிறுத்தி, வீடு என்று எழுதினார். ரஹமத்துல்லா தன் பெயரை எழுதினார். நோக்கத்தை விட்டுவிட்டார். வராந்தாவில் தனலட்சுமி இரண்டு பெட்டிகளையும் சுருட்டிய மெத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் வாங்க என்று சொல்லவில்லை.

மரம் பெரியது. படுக்கையறை ஓட்டின்மேல் குனிந்து நின்றது. காற்று வரும்போது எங்கோ உள்ளே ஒரு முனகல் கேட்டது. இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். காவலாளி தூரத்தில் இருந்தான்.

"தட்டுங்க," என்றார், தாழ்ந்த குரலில்.

ரஹமத்துல்லா ஈர விரலைச் சட்டையில் துடைத்தார். பட்டையில் காதை வைத்து, மூன்று முறை தட்டினார். மூன்றாவது தட்டு முடிந்த பிறகும் உள்ளே சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். ஓட்டைப் பார்த்தார். வராந்தாவில் இருந்த மெத்தையைப் பார்த்தார்.

இயக்குநர் அருகில் வந்தார். குடை இருவர் தலைக்கும் போதவில்லை.

"நிலையத்துக்காகக் கேக்கல, பாய். எனக்கு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரி நாங்க எங்க படுக்கறது?"